குடத்தில் கைவிட்ட சிறுவன்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. குடவோலை முறை என்ற பெயரில் நம் பிள்ளைகளுக்கு அவை ஒரு தேர்வு வினாவாக அறிமுகம் ஆகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். குலுக்கி எடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று ஆள் நியமித்தார்கள். மதிப்பெண் வாங்க இவ்வளவு போதும்.

அந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்துகிறவன் வேறொருவன். குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். பாடநூலிலும் ஒரு வரியில் வந்து போவான். சபையார் கூடியிருக்க, முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுகிறார். உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று ஒன்றும் அறியாத பாலகன் ஓர் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி, எல்லாரும் கேட்க வாசிக்கிறான். ஓலையை ஒளித்து மாற்ற இடமில்லாதபடி விரல்களை விரிக்கச் சொன்ன அந்த நுட்பத்தை எத்தனை முறை வியந்தாலும் தகும். ஆனால் சிறுவனைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். அவனுடைய கை வேண்டும், கருத்து வேண்டாம். ஓலையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் விளையாடப் போய்விட்டான்.

ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஜனவரி 25 அன்று பெரம்பலூரிலோ அரியலூரிலோ கடைத்தெருப் பக்கம் போனால், சீருடையில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக வருவதைப் பார்க்கலாம். 2011 முதல் அது தேசிய வாக்காளர் தினம். கையில் பதாகை, ‘என் வாக்கு விற்பனைக்கு அல்ல’ என்று எழுதியிருக்கும். பிடித்திருக்கும் பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. விற்கவோ விற்காமல் இருக்கவோ அவளிடம் வாக்கே இல்லை. தேர்தல் அறிவித்துவிட்டால் மனிதச் சங்கிலி, கோலப் போட்டி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் உறுதிமொழிப் படிவம் என்று வேலை கூடும். எல்லாம் நல்ல எண்ணத்தில் நடப்பவைதான். இருந்தாலும் உத்திரமேரூர்ச் சிறுவனுக்கும் இந்தப் பதாகைச் சிறுமிக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் நமக்குத் தேவைப்பட்டது பிள்ளையின் கை.

பாடத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில், மூன்றாம் பருவத்தில், மக்களாட்சியும் உள்ளாட்சி அமைப்பும் அடுத்தடுத்த பாடங்கள். ஒன்பதாம் வகுப்பில் தேர்தல், கட்சிகள், அழுத்தக் குழுக்கள் வரை போகிறார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்காகத் தேர்தல் ஆணையம் 2018-இல் இ.எல்.சி. எனப்படும் தேர்தல் கல்விக் குழுக்களைத் தொடங்கியது. பதினேழு வயது முடிந்தவர் முன்கூட்டியே பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாம் என்ற வசதி 2022 முதல் இருக்கிறது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் ஒரு நாளில் மக்களாட்சி எங்கே தட்டுப்படுகிறது என்று தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்புகிறது.

வகுப்பு லீடரை எடுத்துக்கொள்வோம். நான் படித்த காலத்தில் லீடரை வாத்தியார் கைநீட்டிச் சொல்வார். பெரும்பாலும் முதல் மதிப்பெண் வாங்குகிறவன், அல்லது கடைசி பெஞ்சையும் அடக்கக்கூடிய உயரமானவன். அவனுக்கு இருந்த ஒரே அதிகாரம், வாத்தியார் வெளியே போனதும் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவது. எழுதிய பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் ‘மி.மி. பேசினான்’. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் இந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை. நம் வாழ்வில் நாம் பார்த்த முதல் தலைவர், நமக்காகப் பேச வந்தவர் இல்லை. பேசியவரைக் காட்டிக்கொடுக்க வந்தவர். மக்களாட்சி என்பதே பேசித் தீர்க்கும் ஏற்பாடு என்றால், அதன் முதல் பாடத்தை நாம் தலைகீழாகப் படித்திருக்கிறோம்.

இது வெறும் நினைவேக்கம் இல்லை. 1999-இல் பன்னாட்டுக் கல்வி மதிப்பீட்டு அமைப்பான ஐ.இ.ஏ., 28 நாடுகளில் ஏறத்தாழ 90,000 பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் குடிமைக் கல்வி பற்றி ஆய்ந்தது. இந்தியா அதில் இல்லை. குடிமை அறிவோடும் பின்னாளில் வாக்களிப்பேன் என்ற எண்ணத்தோடும் அழுத்தமாக ஒட்டிவந்தவற்றில் ஒன்று, வகுப்பறையில் மாற்றுக் கருத்தைத் தயங்காமல் சொல்ல முடிகிற சூழல். பேச விடும் வகுப்பில்தான் குடிமகன் உருவாகிறான். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரி வாக்குப்பதிவு நடத்தும் ‘கிட்ஸ் வோட்டிங்’ திட்டத்தை ஆராய்ந்தவர்களும் இன்னொன்றைக் கண்டார்கள்: பிள்ளை வீட்டில் போய்க் கேள்வி கேட்கக் கேட்க, பெற்றோரும் செய்தியைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள், வசதி குறைந்த குடும்பங்களில் அந்த விளைவு கூடுதல். கையெழுத்துப் படிவம் கொடுத்தனுப்புவதும் கேள்வி கொடுத்தனுப்புவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேள்விகளுக்கு இந்த இரண்டு மாவட்டங்களில் பஞ்சமே இல்லை. முதல் கேள்வியை முகவரியிலிருந்தே தொடங்கலாம். 1994-இல் செந்துறையில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை திருச்சி மாவட்டத்துப் பிள்ளை. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-இல் திரும்பப் பெரம்பலூரோடு இணைத்தார்கள். 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் பிரித்தார்கள். வீட்டைவிட்டு ஓர் அடி நகராமல் அந்தப் பிள்ளை நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறது. யார் முடிவு செய்தார்கள், எதற்கு, யாரைக் கேட்டார்கள்? பத்தாம் வகுப்புக்கு ஒரு வாரப் பாடம் இது.

உங்கள் எம்.பி. யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரம்பலூர் நகரத்துப் பிள்ளைக்கும் பக்கத்துக் குன்னத்துப் பிள்ளைக்கும் விடை வேறு. இருவரும் ஒரே மாவட்டம்தான். பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி, காவிரிக்கு அந்தப் பக்கம் குளித்தலை வரை நீளும் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் வருகிறது. குன்னமும் அரியலூரும் ஜெயங்கொண்டமும் சிதம்பரத்தில். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினால் தொகுதி வரையறை என்ற வறண்ட சொல்லுக்கு உயிர் வந்துவிடும்.

அமைச்சரின் பொறுப்பு என்றால் என்ன? இதற்குப் பாடநூலில் வரையறை உண்டு. அரியலூரில் அதற்கு ஓர் ஆறு இருக்கிறது. 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மழையில் பெருக்கெடுத்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்துக்கே பதவி விலகல் கடிதம் கொடுத்து, நேரு ஏற்காமல் விட்டிருந்தார். அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மீண்டும் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றார். துணை அமைச்சர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓ.வி. அழகேசன். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்த விபத்தை வைத்தே தி.மு.க. முழக்கம் கட்டியது. பாலம் உடைந்ததற்கு டெல்லியில் இருக்கும் அமைச்சர் என்ன செய்வார் என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டும். சாஸ்திரி ரயில் ஓட்டவில்லை, பாலமும் கட்டவில்லை. பின் எதற்காக விலகினார்? இதற்கு வகுப்பில் இரண்டு கட்சி பிரிந்து வாதாடினால், அரசியலமைப்பின் ஒரு பக்கத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமலே படித்துவிட்டார்கள் என்று பொருள். அரியலூர் மாவட்டம் மறுபடி உருவானதும் அதே நவம்பர் 23 என்பது யாரும் திட்டமிடாத ஒற்றுமை.

நிலத்தைப் பற்றிய பாடம் ஜெயங்கொண்டத்தில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென்று 1990-களில் சுற்றுவட்டார ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தினார்கள். இழப்பீட்டுக்காக உழவர்கள் கால் நூற்றாண்டு நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். திட்டம் வரவே இல்லை. கடைசியில் அதைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. தாத்தா தொடங்கிய மனுவைப் பேரன் முடித்து வைத்த குடும்பங்கள் அங்கே உண்டு. பங்கேற்பு என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை என்று நினைக்கிற பிள்ளைக்கு, அந்த மனுக்கட்டைக் காட்டலாம்.

செந்துறைப் பக்கம் குழுமூர். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்த மாணவி அனிதாவின் ஊர். நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனவர். 2017 செப்டம்பர் 1 அன்று, பதினேழு வயதில், அவரை இழந்தோம். அந்த இழப்பைப் பாடமாக்கத் துணியும் ஆசிரியர் மிகுந்த கவனத்தோடு பேச வேண்டும், துயரத்தைப் பெரிதாக்காமல். ஆனால் ஒரு செய்தியை விட்டுவிடக் கூடாது. வாக்குரிமை வருவதற்கு முன்பே ஒரு சுமைத்தொழிலாளியின் மகளால் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் தன்னையும் கேட்கச் சொல்ல முடிந்தது. பதினெட்டு வயது வரை பிள்ளைகள் குடிமக்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைத் தொடும் விவகாரத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது.

இனி, எந்த ஆசிரியரும் தொடத் தயங்கும் பாடம். 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் நாள். சிதம்பரம் தொகுதியில் தொல். திருமாவளவனின் சின்னம் பானை. அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் அன்று தெருவில் பானை உடைபட்டது. தகராறு மூண்டது. தலித் மக்களின் குடியிருப்புக்குள் கூட்டம் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியது. மறுவாக்குப்பதிவு கேட்டார்கள், நடக்கவில்லை. மே 23 அன்று எண்ணி முடித்தபோது திருமாவளவன் வென்றது 3,219 வாக்கு வித்தியாசத்தில்.

இந்த எண்ணை முதலில் கையில் எடுக்கலாம். ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது ஒரு மக்களவைத் தொகுதி. 3,219-ஐ ஆறால் வகுத்தால் தொகுதிக்கு 537 வருகிறது. ஏறத்தாழ ஒரு வாக்குச்சாவடியின் வாக்குகள். ‘ஒரு வாக்கில் என்ன ஆகிவிடும்’ என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்த வகுத்தலைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும், பேரணி தேவைப்படாது.

ஆனால் எண்ணோடு நின்றுவிட்டால் அது கணக்குப் பாடம். உடைந்த பானைக்கு வர வேண்டும். உத்திரமேரூர்க் குடத்தை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போக முடியும் என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது: வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது அந்தணர்க்குக் கொடையாகத் தந்த ஊரின் சபை. பெண்ணுக்கு இடமில்லை, உழுதவனுக்கு இடமில்லை, சேரிக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதியை மெச்சிவிட்டு, இந்தத் தகுதிகளைச் சொல்லாமல் விடுவது பிள்ளைகளிடம் பாதியை மறைப்பது. அன்றைய குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் 2019-இல் பானையைச் சின்னமாகப் பெற்றார்கள். அந்தப் பானைதான் தெருவில் உடைபட்டது. இந்த இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் இந்தியக் குடியரசின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்பேத்கர் கொலம்பியாவில் ஜான் டூயியிடம் படித்தவர். ‘மக்களாட்சியும் கல்வியும்’ என்ற டூயியின் நூல் வந்தது 1916-இல். மக்களாட்சி ஆட்சிமுறை மட்டும் அல்ல, கூடி வாழும் முறை என்ற ஆசிரியரின் கருத்தை மாணவர் சாதி ஒழிப்பு வாதத்துக்கு எடுத்து வந்தார். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அவர் எச்சரித்ததும் இதையே: அரசியலில் சமம், சமூக வாழ்வில் சமமின்மை என்ற முரண்பாட்டோடு நாம் குடியரசுக்குள் நுழைகிறோம். பொன்பரப்பியில் வாக்கு எல்லாருக்கும் ஒன்று. தெரு ஒன்றாக இல்லை.

இதைப் பள்ளியில் எப்படிப் பேசுவது? வகுப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் ஆசிரியரின் பயம். நியாயமான பயம். நாங்குநேரியில் மாணவரிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 அறிக்கையில், மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்ல வேண்டிய நிலைமை இருக்கிறது. ஆகவே சொற்பொழிவில் தொடங்காமல் ஒரு செயலில் தொடங்குவது நல்லது என்பேன். லீடர் தேர்தலை ரகசிய வாக்கெடுப்பாக நடத்துங்கள். கைதூக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். தெருப் பையன் தெருப் பையனுக்குத் தூக்குவான். ஒருவன் தூக்காவிட்டால் மாலை வீட்டுக்குப் போகும் வழியில் கேள்வி வரும். பெண் பிள்ளை பெண் பிள்ளைக்குத் தூக்கினால் சிரிப்பு வரும். அதே வகுப்பில் அட்டைப்பெட்டி, மடித்த தாள், கதவோரம் ஒரு மறைவு. முடிவு வேறாக வர வாய்ப்புண்டு. வராவிட்டாலும், ரகசியம் எதற்கு என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். வாக்குச்சாவடியில் அந்த அட்டைத் தடுப்பை ஏன் வைக்கிறார்கள் என்பதைப் பல பெரியவர்களே இன்னும் யோசித்ததில்லை.

பள்ளிக்கும் தேர்தலுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கிராமத்து வாக்குச்சாவடி என்றாலே தொடக்கப்பள்ளிதான். வாசல் சுவரில் வாக்குச்சாவடி எண் பெயின்டில் எழுதியிருக்கும். தேர்தல் வந்தால் புதிதாக மேலே பூசுவார்கள். மறுநாள் பள்ளி திறக்கும்போது பெஞ்சில் அரக்குத் துளி உறைந்திருக்கும், மூலையில் நூல்கண்டுத் துண்டு கிடக்கும், சுவரில் ஒட்டிய அம்புக்குறி காய்ந்து பாதி உரிந்து தொங்கும். ஆசிரியரில் பாதிப்பேர் இரவு முழுக்க வேறு ஊரில் வாக்குப்பதிவு அலுவலராக இருந்துவிட்டுக் கண் சிவந்து வருவார்கள். இவ்வளவு அருகில் நடப்பதைப் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டு வெளியே அனுப்பிவிட்டுத்தான் நடத்துகிறோம். வேறு வழியில்லைதான். ஆனால் மறுநாள் முதல் பாடவேளையில் அந்த ஆசிரியர் பழைய கணக்கை விட்ட இடத்தில் தொடங்காமல், நேற்று என்ன நடந்தது என்று அரை மணி நேரம் சொன்னால்? முகவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், பெயர் இல்லை என்று திரும்பிப் போனவர் என்ன சொன்னார், விரலில் மை எப்படி வைத்தோம், பெட்டியை எப்படி முத்திரையிட்டோம். அந்த அரக்குத் துளியைக் காட்டியே சொல்லலாம்.

வாக்கைவிட அருகில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்கிறது. தமிழ்நாட்டு அரசு 2022-இல் இந்தக் குழுக்களை இருபது பேர் கொண்டதாகத் திருத்தி அமைத்தது; பெற்றோர் ஒருவரே தலைவர். 2024-இல் முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்த ஓர் அம்மா தலைமையாசிரியருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கிற காட்சி, ஒரு பிள்ளைக்கு எந்தப் பாடநூலும் தராத கல்வி. மத்திய அரசின் மாதிரி விதிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. பெற்றோர் அல்லாத கால் பங்கில், கல்வியாளர் அல்லது அந்தப் பள்ளிக் குழந்தைகள் என்று ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ‘அல்லது’க்குப் பின்னால் இருப்பதை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2024 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் மகிழ் முற்றம் அமைப்பில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துத் தலைவர்கள் வைக்கிறார்கள். பெயர் அழகு. அந்தத் தலைவர்களுக்கு மேலாண்மைக் குழுவில் கேள்வி கேட்க ஐந்து நிமிடம் தந்தால் அழகுக்குப் பயனும் சேரும்.

பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுத்துக் கெட்டவர்களைக் காணோம். போலந்தின் வார்சாவில் யானுஷ் கோர்சாக் 1912-இல் தொடங்கிய அநாதை இல்லத்தில் குழந்தைகளே நீதிமன்றம் நடத்தினார்கள். இயக்குநரான அவரே அதன்முன் நின்றிருக்கிறார். ராஜஸ்தானின் திலோனியாவில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கான இரவுப் பள்ளிகளில், 1990-களிலிருந்து, பிள்ளைகள் தேர்ந்த நாடாளுமன்றம் ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா என்று பார்க்கிறது. கர்நாடகத்தின் குந்தாப்பூர் வட்டத்துக் கெரடியில் 1995-இல் ‘மக்கள பஞ்சாயத்து’ தொடங்கியது. கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் குழந்தைகள். நம் பக்கம் கன்னியாகுமரியிலிருந்து அருட்தந்தை எட்வின் ஜான் சுமார் முப்பது வீட்டுக்கு ஒன்றாகக் குழந்தைகள் நாடாளுமன்றங்களைப் பரப்பினார். ஒரு பிள்ளை சுகாதார அமைச்சர், ஒரு பிள்ளை கல்வி அமைச்சர். விளையாட்டு என்று சிரிக்கலாம். தெருக்குழாய் ஒழுகுவதைக் குறித்து வைத்து ஊராட்சிக்கு எழுதிப் போட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

ஊராட்சி என்றதும் மனம் சங்கடப்படுகிறது. 2014-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வேப்பூர் ஒன்றியமோ திருமானூர் ஒன்றியமோ, எதுவானாலும் சரி. அது மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, 2016 அக்டோபரில், உள்ளாட்சியின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர் வந்தார். மூன்றாண்டு போயிற்று. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 6 அன்று புதியவர்கள் பதவியேற்றார்கள். அப்போது அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் மூன்றாம் பருவம். உள்ளாட்சி அமைப்பு பாடம் நடக்கிற பருவமும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த மாதமும் ஒன்றாக அமைந்தது அதிர்ஷ்டம்தான். 2025 ஜனவரி 5 அன்று, பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது, அந்தக் காலமும் முடிந்தது. மறுபடியும் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர். பெரம்பலூரில் 121 ஊராட்சிகள், அரியலூரில் 201. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. தேர்வில் இந்தப் பிரிவு எண்ணைக் கேட்டால் பிள்ளை எழுதிவிடும். எண் தெரிந்த பிள்ளைக்கு நடப்பதும் தெரியும். இரண்டையும் ஒட்டிப் பார்த்து அது என்ன முடிவுக்கு வரும் என்பதை நினைத்தால் நமக்குத்தான் கூச்சமாக இருக்க வேண்டும். பதாகை பிடிக்கச் சொல்லும் உரிமையை நாம் முதலில் சம்பாதிக்க வேண்டும்.

தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்ததோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆண்டுக்கு ஆறு நாள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே உறுப்பினர், பிள்ளைகள் இல்லை. ஆனால் கொடியேற்றிவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் அதே நாளில் நூறு அடி தள்ளிச் சமுதாயக் கூடத்தில் நடக்கும் கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை. அங்கே ஊராட்சியின் வரவு செலவை வாசிப்பார்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீர் மோட்டார் பழுதுக்கு எவ்வளவு. உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவனை ஒதுக்கி வைத்தார்களே, அந்த விதியின் இன்றைய வாரிசு இந்த வாசிப்புதான்.

அடுத்த கிராம சபை நாளில் உங்கள் வீட்டு ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஓரமாகப் பாயில் உட்கார்ந்து கேட்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும். வாசிக்கிற தொகையைக் குறித்துக்கொண்டு வந்து, மாலையில் தெருவிளக்கை எண்ணிப் பார்க்கட்டும்.